ஒரே பேர், வேற கியர்பாக்ஸ்: பழைய ஆட்டோமேட்டிக் காரை வீட்டிலேயே பிரிக்கிறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிற பல பேருக்கு முதல் கார் செகண்ட் ஹேண்ட் கார்தான். அதுல ஆட்டோமேட்டிக் வேணும்னு தேடினா, கட்டுப்படியாகிற விலையில் கண்ணில் படுற பேர்களில் ஒண்ணு ஃபோர்டு. நம்ம ஊர் ஆலையிலேயே செஞ்ச வண்டி. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போறதா அறிவிச்சது. 2022-ல் மறைமலை நகர் ஆலையில் கார் உற்பத்தி நின்னது. சர்வீசும் உதிரி பாகமும் தொடரும்னு நிறுவனம் சொல்லியிருந்தாலும், கம்பெனி கிளம்பிடுச்சுங்கிற பயம் செகண்ட் ஹேண்ட் விலையைக் கீழே இழுக்கும். வாங்குறவருக்கு அது லாபம். கியர்பாக்ஸ் மக்கர் பண்ணும் வரைக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் கேட்டதும், "எங்க பிளான்ட்ல இதைவிடப் பெரிய மெஷினையே பிரிச்சு மாட்டுறோம், இதை வீட்டிலேயே பண்ண முடியாதா?"ன்னு தோணுறது நியாயம்தான். முடியும். ஆனா அதில் பணத்தை முழுங்குற முக்கியமான விஷயம் பிரிக்கிறதோ மாட்டுறதோ இல்லை, பொருந்தாத பாகம். இன்னைக்குப் பாடம் அதைப் பத்திதான்: பாகம் பொருந்தலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதுக்குப் பணக்கணக்கு என்ன.

1. ஒரே பேருக்குள்ள ரெண்டு வண்டி

எக்கோஸ்போர்ட்டையே எடுத்துக்கங்க. 2013-ல் வந்தப்போ 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது 6 ஸ்பீட் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், அதாவது பவர்ஷிஃப்ட். 2017 நவம்பரில் புது முகத்தோட வந்தப்போ எஞ்சினும் மாறிடுச்சு, கியர்பாக்ஸும் மாறிடுச்சு. 3 சிலிண்டர் 1.5 பெட்ரோல், அதோட 6 ஸ்பீட் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். ரெண்டுக்கும் 6 கியர், ரெண்டும் 1.5 பெட்ரோல், ரெண்டு வண்டிக்கும் பேர் எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக். உள்ளே இருக்கிறது மொத்தமா வேற ஜாதி.

ஃபிகோவும் அப்படித்தான். 2015 மாடல் ஆட்டோமேட்டிக்கில் டூயல் கிளட்ச், 2021-ல் வந்த ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர். எண்டெவரில் 2.2, 3.2 டீசல் எஞ்சினோட 6 ஸ்பீட் இருந்தது. 2020-ல் 2.0 டீசல் வந்தப்போ 10 ஸ்பீட். அதே எண்டெவரில் 4x2-க்கும் 4x4-க்கும் கியர்பாக்ஸின் பின்பக்கமே வேற மாதிரி இருக்கும், ஏன்னா 4x4-ல் டிரான்ஸ்ஃபர் கேஸ் மாட்டணும்.

பவர்ஷிஃப்ட் பத்தி ஒரு விஷயம். இந்தச் சின்ன கார்களில் வந்தது டிரை கிளட்ச். கிளட்ச் எண்ணெயில் நனையாது. அதை இயக்குறது ஹைட்ராலிக் பிரஷர் இல்லை, எலெக்ட்ரிக் மோட்டார். உள்ளே ஷாஃப்ட் சீல் ஒழுகி கிளட்ச்சில் எண்ணெய் பட்டா, நகரும்போது வண்டி உதறும். ஆஸ்திரேலியாவில் ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் பவர்ஷிஃப்ட் கார்களின் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் அந்த நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அதனால உங்க வண்டி பவர்ஷிஃப்ட்டா இருந்தா, டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் பிரிக்கிற வீடியோவைப் பார்த்து ஆரம்பிக்காதீங்க. அதில் காட்டுற வால்வ் பாடி, பம்ப், கிளட்ச் பேக் எதுவும் உங்க பெட்டியில் அந்த வடிவத்தில் இருக்காது. டிரை கிளட்ச் மாத்த தனி டூல் வேணும், மாட்டினதுக்கு அப்புறம் ஸ்கேன் டூலில் கிளட்ச் அடாப்டேஷன் பண்ணணும். இதை வீட்டு வேலையா நான் பரிந்துரைக்க மாட்டேன். இனி வர்ற பாடம் முழுக்க டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு.

2. பிரிக்கிறதுக்கு முன்னாடி: நோய் கியர்பாக்ஸில்தானா?

ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி இந்த நாலையும் பாருங்க.

- பேட்டரி வோல்டேஜ், எர்த் ஒயர், கியர்பாக்ஸ் கனெக்டர். கனெக்டருக்குள்ள தண்ணியோ எண்ணெயோ இறங்கியிருந்தா, சோலினாய்டு கெட்டுப்போன மாதிரியே அறிகுறி காட்டும்.
- ஏடிஎஃப் அளவு. பல வண்டிகளில் டிப் ஸ்டிக் கிடையாது. எஞ்சின் ஓடும்போது, குறிப்பிட்ட எண்ணெய் வெப்பநிலையில், லெவல் பிளக் வழியாகத்தான் பார்க்கணும். எஞ்சினை அணைச்சு வெச்சுப் பார்த்தா அளவு தப்பா வரும்.
- ஏடிஎஃப் நிறம். கருகின வாசனையோட கருப்பா இருந்தா கிளட்ச் தேஞ்சிருக்கு. பால் கலந்த ரோஸ் மில்க் மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் மழைன்னு நம்ம பக்கம் தண்ணி நின்ன தெருக்கள் நிறைய. தண்ணி புகுந்த பெட்டியில் ஃப்ரிக்‌ஷன் பிளேட்டில் ஒட்டியிருக்கிற லைனிங்கே உரிய ஆரம்பிக்கும், எண்ணெய் மட்டும் மாத்தினா போதாது.
- ஸ்கேன் கோட். பி0731-ன்னு வந்தா முதல் கியர் ரேஷியோ தப்பு. பி0750 வரிசை ஷிஃப்ட் சோலினாய்டு. பி0741 டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச். கோடை அழிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. பின்னாடி ஒப்பிட அது வேணும்.

3. பாகம் வாங்கும்போது: பேரைச் சொல்லாதீங்க, நம்பரைச் சொல்லுங்க

புதுப்பேட்டைக்குப் போய் "எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் பாக்ஸ் இருக்கா?"ன்னு கேட்டா, இருக்குன்னுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. கேள்விதான் தப்பு. கேட்க வேண்டியது இப்படி:

"அண்ணே, என் பாக்ஸ்ல இருக்கிற டேக் நம்பர் இது. உங்க பாக்ஸோட டேக்கைக் காட்டுங்க. எந்த வருஷ வண்டியில இருந்து இறக்கினது? பொருந்தலைன்னா எத்தனை நாளுக்குள்ள திருப்பித் தரலாம்? அதை பில்லுல எழுதித் தருவீங்களா?"

கையில் எடுத்துப் போக வேண்டியவை: சேஸிஸ் நம்பர், கியர்பாக்ஸ் டேக்கின் போட்டோ, கழட்டின பாகத்தின் மேல இருக்கிற பார்ட் நம்பர், முடிஞ்சா அந்தப் பாகமே. ரிப்பேர் கிட்டை ஆன்லைனில் வாங்கினாலும் வண்டி மாடலை வெச்சுத் தேடாதீங்க. கியர்பாக்ஸ் மாடலை வெச்சுத் தேடுங்க. பில் இல்லாத பழைய பாகம் எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம். அது எந்த வண்டியில் இருந்து வந்ததுன்னு நாளைக்கு யாராவது கேட்டா உங்ககிட்ட பதில் இருக்காது.

4. மேஜை மேல செய்ய வேண்டிய 7 பொருத்தம்

கல்யாணத்துக்குப் 10 பொருத்தம் பார்க்கிறோம். இதுக்கு 7 போதும். எல்லாமே பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி.

1. கேஸ்கெட்டும் செப்பரேட்டர் பிளேட்டும். பழசின் மேல புதுசை வெச்சு வெளிச்சத்தில் பிடிங்க. ஒரு ஓட்டை கூடவோ குறையவோ இருந்தா அது வேற வருஷத்துப் பாகம். ஒரு சின்ன ஓட்டை அடைபட்டாலே ஒரு கியர் முழுசா போயிடும்.

2. செக் பால். பிரிக்கும்போதே எத்தனை, எந்தக் குழியில்னு போட்டோ எடுங்க. மாட்டும்போது ஒண்ணு மிஞ்சினா, "இது எக்ஸ்ட்ரா போல"ன்னு தட்டில் போடாதீங்க.

3. ஃப்ரிக்‌ஷன், ஸ்டீல் பிளேட். எண்ணிக்கை, பல் எண்ணிக்கை, தடிமன் மூணும் ஒத்துப்போகணும். ஒரே குடும்பத்துக் கியர்பாக்ஸிலேயே எஞ்சின் பவரைப் பொறுத்து பிளேட் எண்ணிக்கை மாறலாம். தடிமனை வெர்னியரில் அளங்க, கண்ணால பார்த்து முடிவு பண்ணாதீங்க. புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை மாட்டுறதுக்கு முன்னாடி குறைஞ்சது அரை மணி நேரம் சரியான ஏடிஎஃப்-ல் ஊற வைக்கணும்.

4. கிளட்ச் பேக் கிளியரன்ஸ். பேக்கை அடுக்கி ஸ்னாப் ரிங் போட்டதும், ஃபீலர் கேஜ் வெச்சு இடைவெளியை அளங்க. எவ்வளவு இருக்கணும்னு அந்த மாடலின் மேனுவலில் இருக்கும். இடைவெளி குறைவா இருந்தா கிளட்ச் விடுபடாம தேஞ்சு கருகும். அதிகமா இருந்தா கியர் விழ லேட்டாகும், வழுக்கும். இதைச் சரி பண்ணத்தான் வேற வேற தடிமனில் ஸ்னாப் ரிங்கும் ஸ்டீல் பிளேட்டும் வருது.

5. காற்று சோதனை. வால்வ் பாடி மாட்டுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு கிளட்ச் ஓட்டையிலும் 30 முதல் 40 பிஎஸ்ஐ வரை காற்று கொடுங்க. 'டொக்'னு பிஸ்டன் நகர்ற சத்தம் கேட்கணும். வெறும் 'உஸ்'னு காற்று போனா சீல் கிழிஞ்சிருக்கு, இல்லை அளவு தப்பு. கண்ணாடி போட்டுக்கங்க.

6. சோலினாய்டும் கம்ப்யூட்டரும். ஃபோர்டின் 6ஆர்80 மாதிரி கியர்பாக்ஸ்களில் சோலினாய்டு பாடிக்குன்னு தனி அடையாள எண் உண்டு. வேற சோலினாய்டு பாடி போட்டா அந்த எண்ணை ஸ்கேன் டூல் வழியா வண்டியின் கம்ப்யூட்டரில் ஏத்தணும். பாகம் நல்லதுதான், ஆனா கம்ப்யூட்டருக்கு அதைத் தெரியாது. இதுவும் ஒரு பொருத்தமின்மைதான், கண்ணுக்குத் தெரியாத பொருத்தமின்மை.

7. டார்க் கன்வெர்ட்டர் உட்காருதா? கன்வெர்ட்டரைச் சுத்திக்கிட்டே உள்ளே தள்ளினா படிப்படியா இறங்கி உட்காரும். எஞ்சினோட பெட்டியைச் சேர்க்கும்போது ரெண்டு முகமும் கையாலேயே ஒட்டணும். போல்ட் போட்டு இழுத்தாத்தான் சேருதுன்னா அங்கேயே நிறுத்துங்க. அப்படி இறுக்கினா பம்ப் உடையும், மொத்த வேலையும் முதல்ல இருந்து. சரியா உட்கார்ந்திருந்தா கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும்.

எட்டாவதா எண்ணெய். 6ஆர்80-க்கு மெர்கான் எல்வி, 10 ஸ்பீடுக்கு மெர்கான் யூஎல்வி. ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு ஊத்தக்கூடாது. சிவிடி எண்ணெய், டூயல் கிளட்ச் எண்ணெய் எல்லாம் இன்னும் தூரம். "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் செட்டாகும்"னு ஒரு டப்பாவை நீட்டினா, நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

5. மாட்டியாச்சு, ஓடலை: அறிகுறியை வெச்சுத் தேடுறது

- முன்னாடியும் போகலை, பின்னாடியும் போகலை, ஊளைச் சத்தம்: உடனே எஞ்சினை அணைங்க. எண்ணெய் போதலை, ஃபில்டர் ஓ-ரிங் அளவு தப்பு, இல்லைன்னா கன்வெர்ட்டர் உட்காராம பம்ப் அடிபட்டிருக்கு.
- டி ஓகே, ஆர் மட்டும் இல்லை: ரிவர்ஸுக்கு உதவுற கிளட்ச் சீல், செக் பால், கேஸ்கெட் ஓட்டை.
- நியூட்ரலில் வண்டி தானா நகருது: ஏதோ ஒரு கிளட்ச் பேக் ரொம்ப டைட். கிளியரன்ஸைத் திரும்ப அளக்கணும்.
- டி போட்டு ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு இடிச்சுக்கிட்டு விழுது: எண்ணெய் குறைவு, இல்லைன்னா கிளியரன்ஸ் அதிகம், இல்லைன்னா சீல் கசிவு. விலை குறைஞ்சதில் இருந்து பாருங்க: முதல்ல எண்ணெய்.
- எல்லா கியரும் விழுது, ஆனா முரட்டுத்தனமா: அடாப்டேஷன் பண்ணலை, இல்லை சோலினாய்டு எண் ஏத்தலை. பெட்டியை இறக்க அவசரப்படாதீங்க.
- எல்லா கியரிலும் ரேஷியோ கோட்: ஒரு கிளட்ச் கெட்டா அதைப் பயன்படுத்துற கியர்கள்தான் போகும். எல்லாமே தப்புன்னா ஸ்பீட் சென்சாரையோ, வேற பல் எண்ணிக்கையுள்ள கியர் செட்டையோ சந்தேகப்படுங்க.

பாதுகாப்பு பத்தி ஒரே வரி: ஜாக்கி மேல நிக்கிற வண்டிக்கு அடியில் தலையை விடாதீங்க, ஆக்ஸில் ஸ்டாண்டும் கியர்பாக்ஸ் ஜாக்கியும் வாடகைக்காவது எடுங்க.

6. இப்போ பணக்கணக்கு

கீழே இருக்கிற தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்க எஸ்டிமேட்டை அந்த இடத்தில் போட்டுக்கங்க.

ஒர்க்‌ஷாப்: ரூ.90,000. வண்டி இல்லாத 10 வேலை நாளுக்கு பஸ், ஷேர் ஆட்டோ தினம் ரூ.200 வீதம் ரூ.2,000. மொத்தம் ரூ.92,000.

வீடு: பாகங்கள் ரூ.38,000, டூல்ஸ் ரூ.14,000, எண்ணெய் ரூ.8,000, ஏத்தி இறக்க ரூ.3,000. ஆக ரூ.63,000. 5 வாரம் வண்டி நிற்கும், 25 வேலை நாளுக்கு ரூ.5,000. மொத்தம் ரூ.68,000.

ரூ.24,000 மிச்சம். பல பேர் கணக்கை இங்கேயே மூடிடுறாங்க. ஆனா வேலை தோத்துப்போனா? பாதி பாகம் பயன்பட்டாலும் ஒர்க்‌ஷாப்புக்கு இன்னும் ரூ.70,000 தரணும்னு வெச்சுக்கங்க. அப்போ மொத்தம் ரூ.1,38,000.

மூணு பேர் செஞ்சா ஒருத்தருக்குத் தோக்கும்னு வெச்சா, சராசரி செலவு 68,000 + 23,333 = ரூ.91,333. ஒர்க்‌ஷாப் ரூ.92,000. கிட்டத்தட்ட சமம்! 5 வார இறுதி போனதுதான் மிச்சம்.

மேல சொன்ன 7 பொருத்தத்தையும் ஒழுங்கா பார்த்து, தோக்குற வாய்ப்பை 10-ல் ஒண்ணா குறைச்சா? 68,000 + 7,000 = ரூ.75,000. இப்போதான் ரூ.17,000 நிஜமான லாபம். அதாவது லாபம் உங்க உழைப்பில் இல்லை, பாகத்தைச் சரிபார்க்கிறதில் இருக்கு. 60 மணி நேரம் வேலைன்னா ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ரூ.283. உங்களுக்கு ஓடி கிடைக்கிற கம்பெனின்னா அந்த ரேட்டோட ஒப்பிட்டுப் பாருங்க.

இதில் இருந்து மூணு விதி:

விதி 1: பட்ஜெட் ரூ.68,000 இல்லை, ரூ.1,38,000. தோத்தாலும் தாங்குற பணம் கையில் இருந்தாத்தான் ஆரம்பிக்கணும். இல்லைன்னா பிரிச்ச பெட்டி போர்டிகோவில், வண்டி தார்ப்பாய்க்கு அடியில், இஎம்ஐ மட்டும் மாசா மாசம் ஓடிக்கிட்டிருக்கும்.

விதி 2: வண்டி மதிப்போட ஒப்பிடுங்க. ஓடுற நிலையில் ரூ.3,00,000, ஓடாத நிலையில் ரூ.1,80,000 கிடைக்கும்னா வித்தியாசம் ரூ.1,20,000. ரூ.92,000-க்கு ஒர்க்‌ஷாப்பில் முடிஞ்சா லாபம். வீட்டில் தோத்து ரூ.1,38,000 ஆனா நஷ்டம். அந்த நிலையில் உள்ளபடியே விக்கிறதும் ஒரு நல்ல முடிவுதான், வெட்கப்பட ஒண்ணும் இல்லை.

விதி 3: கடன் விலையையும் சேருங்க. ரூ.1,00,000 பர்சனல் லோன், 14%, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் ரூ.4,801. திருப்பிக் கட்டுறது சுமார் ரூ.1,15,230. வீட்டு வேலையில் மிச்சம் பிடிச்ச ரூ.17,000-ல் ரூ.15,000-க்கு மேல வட்டிக்கே போயிடும். கிரெடிட் கார்டில் மாசம் 3.5% வட்டியில் உருட்டினா கேட்கவே வேண்டாம். அவசர நிதி இருந்தா அதை எடுங்க, ஆனா 3 மாசச் செலவுக்காவது மிச்சம் வெச்சுட்டு எடுங்க.

7. இன்சூரன்ஸ், பில், புகார்

சாதாரண கார் பாலிசியில் தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கும் கிளெய்ம் கிடையாது. எஞ்சின்-கியர்பாக்ஸ் ஆட்-ஆன் எடுத்திருந்தா, தண்ணி புகுந்த சேதத்துக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. அப்படின்னா பெட்டியை நீங்களே பிரிக்காதீங்க. சர்வேயர் பார்க்கிறதுக்கு முன்னாடி பிரிச்சா கிளெய்ம் சிக்கலாகும்.

2025 செப்டம்பர் 22-ல் இருந்து வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18%. அதுக்கு முன்னாடி பல பாகங்களுக்கு 28%. பழைய எஸ்டிமேட் வெச்சிருந்தா புதுசா கேளுங்க. "பில் இல்லாம வேணும்னா குறைச்சுத் தரேன்"னு சொன்னா, அந்த 18%-ஐ மிச்சம் பிடிக்கிறதா நினைக்காதீங்க. திருப்பித் தர்ற உரிமையை விக்கிறீங்க.

ஒர்க்‌ஷாப்புக்கே கொடுத்தாலும் வாரண்டி எத்தனை மாசம், எத்தனை கிலோமீட்டர், எந்தெந்தப் பாகத்துக்குன்னு எழுத்தில் வாங்குங்க. எழுத்து வாரண்டி இல்லாத ஒர்க்‌ஷாப்பும் தோக்குற வாய்ப்புள்ள ஒண்ணுதான், அந்தக் கணக்கையும் சேர்க்கணும். பிரச்சனைன்னா முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரைன்னா புகார் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள்ள போடணும். பில்லும் போட்டோவும்தான் அங்கே சாட்சி.

கடைசியா, இந்த வாரமே செய்ய வேண்டியது

வண்டி இப்போ நல்லா ஓடிக்கிட்டிருந்தாலும் சரி, கியர்பாக்ஸ் டேக்கைத் தேடி ஒரு போட்டோ எடுத்து, சேஸிஸ் நம்பரோட போனில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்க, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி "இதில் டூயல் கிளட்ச்சா, டார்க் கன்வெர்ட்டரா?"ன்னு கேட்டு, பதிலைத் தயாரிப்பு மாசம், வருஷத்தோட ஒத்துப் பாருங்க. அந்த ஒரு கேள்விக்குச் செலவு ஒண்ணும் இல்லை. அதுக்கான பதில் உங்க மூணு, நாலு மாசச் சம்பளத்தைக் காப்பாத்தலாம்.